இடம் இருந்தது

பிப்ரவரி 3

அண்ணாவுக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் மூடி வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவரை வேலையிலிருந்து சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். பதினொரு வருடம் அந்த பஸ் டிப்போவில் பிரேக் பார்த்தவர் இப்போது காலை எட்டு மணிக்குச் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருக்கிறார். நேற்றும் அதே குழாய்தான்.

டிப்போவில் டியூட்டி போர்டு என்று ஒன்று உண்டு. வெள்ளைப் பலகை. யாருக்கு எந்த ஷிஃப்ட், எந்த பஸ் என்று தினமும் காலையில் எழுதுவார்கள். எங்கள் வழிபாட்டுக் கூடத்தைச் சேர்ந்தவர்கள் அங்கே ஏழு பேர். புதன்கிழமை மாலை நாங்கள் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் என்பதால், அந்த ஷிஃப்டை அவர்களுக்குப் போடுவதில்லை. பழைய மேனேஜர் அதை நினைவில் வைத்திருந்தார். புதிதாக வந்தவர் ஏழு பேருடைய பெயருக்குப் பக்கத்திலும் சிவப்பு மார்க்கரில் எங்கள் பெயரைச் சுருக்கி ‘வகாமே’ என்று எழுத ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் அது லாக்கரில் ஏறியது, டீ டம்ளரில் ஏறியது. பிறகு ஆளுக்கே பெயராகிவிட்டது. “ஏய் வகாமே, அந்த ஸ்பேனர எடு.”

இவர் மூன்று முறை போய்ச் சொல்லியிருக்கிறார். “சார், எங்க பேரு அது இல்ல. எழுதுனா முழுசா எழுதுங்க, இல்லன்னா எழுதாம விடுங்க.” அதற்கு அவர், “நாலு வார்த்தை எழுத போர்டுல எங்கய்யா இடம்? பேப்பர்லயே அப்படித்தான போடுறான்” என்றாராம்.

நான்காவது முறை இவர் உள்ளங்கையால் அழித்துவிட்டார்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இவர் கை எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அவரைப் பார்த்ததே இல்லையே. பக்கத்துக் கட்டத்தில் அன்றைக்கு பிரேக் பார்க்க வேண்டிய பஸ்களின் பட்டியல் இருந்தது. அதில் ஒரு எண்ணும் சேர்ந்து அழிந்துவிட்டது. அந்த பஸ் பிரேக் பார்க்காமல் நாற்பது பேரோடு வெளியே போய்த் திரும்பி வந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதை நினைத்து இவர் சரியாகத் தூங்குவதில்லை.

28ஆம் தேதி விசாரணை. வேலை போகலாம். டிப்போ தரப்பில் எழுதிக் கொடுத்திருப்பது இது: ‘வகாமே என்பது அந்தப் பிரிவினர் அனைவரும் ஏற்றுக்கொண்ட பெயர், இதுவரை யாரும் ஆட்சேபித்ததில்லை.’ கூடவே பதினொரு செய்தித் துண்டுகளை இணைத்திருக்கிறார்கள். பதினொன்றும் நீங்கள் தலைப்பு போடும் பத்திரிகையில் வந்தவை.

எங்கள் கூடத்துச் செயலாளர் சொல்கிறார், ஒன்பது வருடத்துக்கு முன்பு, அந்தச் சுருக்கம் முதன்முதலாக வந்தபோதே உங்கள் ஆசிரியருக்கு ஆட்சேபணைக் கடிதம் அனுப்பினோம் என்று. பதிலும் வரவில்லை, நகலும் இல்லை. அது கிடைத்தால் யாரும் ஆட்சேபிக்கவில்லை என்ற பேச்சே நிற்காது. விசாரணை அதிகாரியும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் அலுவலகத்தில் தேடிப் பாருங்கள். ஒன்பது வருடத்தில் நான் கேட்கும் முதல் உதவி.

அப்பா எப்படி இருக்கிறார்? நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

தங்கை

—

பிப்ரவரி 8

அடி வாலு,

தங்கை என்று கையெழுத்துப் போட்டால் நான் பயந்துவிடுவேனா? உறையைப் பார்த்ததுமே அப்பா, “அது எழுதுனதா?” என்றார். ஆமாம் என்றேன். பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். ஒன்பது வருடமாக நீ இந்த வீட்டில் ‘அது’தான், தெரிந்ததுதானே. ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார். முழங்கால் வலிதான் விடவில்லை.

மாப்பிள்ளை விஷயம். கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொல்கிறேன். பிரேக் பார்க்கிற ஆள் பிரேக் பட்டியலை அழித்தால் நான் மேனேஜராக இருந்தாலும் வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பேன். நாற்பது பேர் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு பெயருக்காகவா இவ்வளவும்?

சுருக்குவதில் என்ன அவமரியாதை இருக்கிறது என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் செய்யும் வேலையே அதுதான். ஆபீசில் என்னைக் கத்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அமைச்சர், நீதிபதி, பல்கலைக்கழகம், சங்கம் என்று யாரையும் விட்டதில்லை. ஒருத்தரும் போர்டை அழிக்கவில்லை. இரண்டு பத்தி அகலத்தில் பதினான்கு எழுத்துக்கு மேல் நிற்காது. ‘வராதவருக்காகக் காத்திருக்கும் மேசையின் அன்பர்கள்’ என்று போட்டால் என்ன செய்தார்கள் என்று சொல்ல இடம் எங்கே? பெயரைப் படித்து முடிப்பதற்குள் வாசகனுக்கு டீ ஆறிவிடும். சின்ன வயதில் நான் உனக்கு வாலு என்று பெயர் வைத்தேன். நீ என்ன, வழக்கா போட்டாய்?

இது கேலி இல்லை, வசதி. வசதிக்கு உள்நோக்கம் கற்பிக்காதே.

கடிதம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பழைய கடிதங்களை ஒரு வருடத்துக்கு மேல் வைப்பதில்லை. பெரிதாக நம்பிக்கை வைத்துக்கொள்ளாதே.

அண்ணன்

—

பிப்ரவரி 12

அண்ணாவுக்கு,

நீங்கள் எனக்கு வாலு என்று பெயர் வைத்தபோது என்னை இடுப்பில் தூக்கி வைத்திருந்தீர்கள். அந்தப் பெயருக்கு உங்களுக்குப் பாத்தியதை உண்டு. அந்த மேனேஜர் என் வீட்டுக்காரரை எந்த இடுப்பில் தூக்கி வைத்திருந்தார்?

நான் மருந்துக் கடைக் கவுண்டரில் நிற்பவள் என்பதை மறந்துவிட்டீர்கள். டாக்டர்கள் அவசரத்தில் மருந்துப் பெயரைச் சுருக்கி எழுதுவார்கள். நான் ஒவ்வொரு முறையும் போன் செய்து, “முழுப் பேரச் சொல்லுங்க டாக்டர்” என்று கேட்பேன். எரிந்து விழுவார்கள். ஆனால் எந்த டாக்டரும் சீட்டைப் பார்த்து நோயாளியையே அந்த மூன்றெழுத்தால் கூப்பிட்டதில்லை. சுருக்கம் யார் வாயிலிருந்து யாரைப் பார்த்து வருகிறது என்பதுதான் விஷயம். அமைச்சரைச் சுருக்கினால் அவர் அமைச்சராகத்தான் இருப்பார். எங்களைச் சுருக்கியதும் நாங்கள் ஒரு ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிற ஆளாகிவிட்டோம்.

எங்கள் கூடத்திலேயே எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பதில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இளம் பிள்ளைகள் சிலர் போனில் ‘வகாமே’ என்றுதான் குழு வைத்திருக்கிறார்கள். “இதுக்குப் போயா அண்ணன் வேலைய விட்டாரு?” என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டான் ஒருவன். எனக்கு அவனிடம் கோபம் வரவில்லை. அவன் சிரித்துக்கொண்டு சொல்லும்போது அது அவனுடையது. லாக்கரில் எழுதியிருக்கும்போது இல்லை.

அந்தப் பெயரை நாங்கள் எப்படிச் சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. புதன்கிழமை உட்காருவதற்கு முன் எல்லோரும் நாற்காலிக்குப் பின்னால் நிற்போம். ஒரு நாற்காலியும் ஒரு தட்டும் யாருக்கும் இல்லாமல் இருக்கும். ‘வராதவருக்காக’ என்று சொல்லிவிட்டு நிறுத்துவோம். அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய, வராமல் போன ஒரு ஆளை மனதில் நினைக்க வேண்டும். வெளியே சொல்லக் கூடாது. பிறகுதான் மீதி மூன்று வார்த்தை. எங்கள் பூஜையும் மந்திரமும் எல்லாமே அந்த நிறுத்தம்தான், அண்ணா. ‘வகாமே’யில் அது எங்கே இருக்கிறது?

பிரேக் பட்டியல் பற்றி நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “சரியாத்தான் சொல்லியிருக்காரு” என்றார். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாராம். பெயருக்காக மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டாராம்.

16 நாள்தான் இருக்கிறது. தேடினீர்களா?

தங்கை

—

பிப்ரவரி 16

வாலு,

தேடினேன். கிடங்கு அறைக்குப் போய் இரண்டு மணி நேரம் தூசியைத் தின்றேன். அந்த வருடத்துப் பெட்டியில் இருப்பதெல்லாம் டைப் அடித்தவை. நீல மையில் கையால் எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை. உன் செயலாளர் அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. வயதானால் செய்ய நினைத்ததும் செய்ததும் ஒன்றாகத்தான் தெரியும்.

நடைமுறைக்கு வருவோம். மாப்பிள்ளை நாலு வரியில் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விசாரணையே இல்லாமல் முடித்துவிடுவார்கள். எனக்கு டிப்போ பக்கம் ஒரு நண்பர் உண்டு, நாடி பிடித்துப் பார்த்தேன். வாசகத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன். ‘உணர்ச்சிவசப்பட்டு நடந்த செயலுக்கு வருந்துகிறேன். சுருக்கப் பெயர் குறித்து எனக்குத் தவறான புரிதல் இருந்தது.’ இரண்டே வரி. கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம்.

வீம்பு பிடிக்காதே. ஒரு எட்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு நாலு வார்த்தைக்காகச் சம்பளத்தை விடுகிறவர்களை என்னவென்று சொல்வது. நீ அந்த ஆளைக் கட்டிக்கொள்கிறேன் என்று நின்றபோதும் இப்படித்தான் நின்றாய். அப்பாவும் நானும் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

ஏப்ரலில் என்னைச் செய்தி ஆசிரியர் ஆக்கப்போகிறார்கள். இன்னும் அறிவிக்கவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அண்ணன்

—

பிப்ரவரி 19

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

ஆட்சேபணைக் கடிதம் என்றுதான் எழுதியிருந்தேன். கையால் எழுதியது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நீல மை என்றும் சொல்லவில்லை. என் இரண்டு கடிதத்தையும் எடுத்து வைத்து நீங்களே பாருங்கள்.

அந்தக் கடிதத்தை எழுதியது நான். கல்யாணமாகி ஆறாவது நாள். புதுப் பெண்ணுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று செயலாளர் என்னை எழுதச் சொன்னார், கீழே அவர் கையெழுத்துப் போட்டார். அவரிடம் இருந்த நீல மைப் பேனாவால்தான் எழுதினேன். எழுதும்போது ஒரு அற்ப ஆசை. இது உங்கள் மேசைக்கு வரும், கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும், அந்தச் சாக்கிலாவது ஒரு வார்த்தை பேசுவீர்கள் என்று. ஒன்பது வருடமாக, அது உங்கள் மேசைக்கு வரவில்லை என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வந்திருக்கிறது. இல்லையா?

எங்கே இருக்கிறது அது? கிழித்துப் போட்டுவிட்டீர்களா?

உங்கள் இரண்டு வரியை அவரிடம் காட்டவில்லை. காட்டினால் உங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

—

பிப்ரவரி 22

வாலு,

கிழிக்கவில்லை. என் மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய அடையாள அட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. மூன்று முறை மேசை மாறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அச்சில் போடவும் முடியவில்லை, குப்பையில் போடவும் முடியவில்லை. உன் ‘ழ’வைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

இனிப் பூசி மெழுகிப் பிரயோசனம் இல்லை. முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சுருக்கத்தை உண்டாக்கியவன் நான்தான். பத்திரிகை அப்படிப் போடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தப் பத்திரிகை என்பது அன்றைக்கு ஒரு மத்தியானம் நான் ஒருவன்தான். உங்கள் கூடம் திறந்த நாள். அன்றைக்கே அங்கே ஐந்து ஜோடிகளுக்குக் கல்யாணம். அப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். நான் வழக்கம்போல ஆபீசுக்கு வந்தேன், எனக்கு ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காக. மூன்று மணிக்கு நிருபர் அனுப்பிய செய்தி என் திரைக்கே வந்தது. ஐந்து ஜோடிகளின் பெயர்களும் அதில் இருந்தன. மூன்றாவது நீ.

முதலில் அந்தப் பெயர்ப் பட்டியலை வெட்டினேன். இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு தலைப்பு. ‘வகாமே கூடம் திறப்பு’ என்று அடித்தேன். பக்கம் போடுகிற பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “மூணு பத்தி காலியா கெடக்குதுங்க. முழுப் பேரையும் தாராளமா போடலாமே” என்றார். “வேணாம், ரெண்டு பத்தி போதும்” என்றேன். “மிச்ச எடத்துக்கு?” என்றார். “நம்ம சந்தா விளம்பரத்தப் போட்டு அடைங்க” என்றேன்.

இடம் இருந்தது, வாலு. முதல் கடிதத்தில் பதினான்கு எழுத்து, இரண்டு பத்தி என்று உனக்குப் பாடம் நடத்தினேனே, எல்லாம் சப்பைக்கட்டு. அந்த நாலு வார்த்தையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ எங்களை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த இடம் அவ்வளவு நீளமாக, அவ்வளவு நிதானமாகத் தன் பெயரைச் சொல்லிக்கொள்வது பொறுக்கவில்லை. சின்னதாக்கினால் தேவலாம் போல இருந்தது. சுருக்குவதில் என்ன அவமரியாதை என்று கேட்டேனே. மற்றவர்கள் எழுதியதில் இருந்ததா, எனக்குத் தெரியாது. அவர்கள் என்னைப் பார்த்து எழுதினார்கள். நான் எழுதியதில் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

அடுத்த நாள் மற்றப் பேப்பர்களும் அதையே பிடித்துக்கொண்டன. ஒரு வாரத்தில் ஊர் வாயில் ஏறிவிட்டது. அப்புறம் உன் கடிதம் வந்தது.

அதை இத்துடன் அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பினால், எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பார்கள். ஆசிரியரிடம் லேசாகப் பேச்சுக் கொடுத்தேன். “நீ அந்த விசாரணைக்குப் போனா, நம்ம பேப்பர் ஒரு பொய்யான பேர ஒன்பது வருஷமா போட்டுச்சுன்னு நீயே சாட்சி சொல்ற மாதிரி. யோசிச்சுக்க” என்றார். ஏப்ரல் பற்றிப் பேசவில்லை. பேசாததே பேசியதுதான்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ திட்டி எழுதினாலும் சரி. எழுது.

அண்ணன்

—

பிப்ரவரி 24

அண்ணாவுக்கு,

திட்டத் தோன்றவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடிதத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள். விசாரணை அதிகாரியிடம் செயலாளரைக் கேட்டு வரச் சொன்னேன். கூடத்துக்காரர்கள் கொண்டுவந்து நீட்டினால் நேற்று எழுதியது என்று டிப்போ தரப்பு சொல்லிவிடுமாம். அந்தக் கடிதம் அப்போதே வந்தது என்று பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து சொல்ல வேண்டுமாம். எந்தப் பத்திரிகைக்காரர் என்பதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. இவருக்கும் சொல்லவில்லை. வேலை உங்களுடையது, வாயும் உங்களுடையது.

இன்னொன்று. அந்த நிறுத்தத்தில் நினைக்கும் ஆளை வெளியே சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தேன். இன்றைக்கு அந்த வழக்கத்தை மீறுகிறேன். ஒன்பது வருடம், ஒவ்வொரு புதன்கிழமையும், ‘வராதவருக்காக’ என்று சொல்லி நிறுத்தும்போது நான் நினைத்தது உங்களை. அப்பாவைக் கூட இல்லை. அந்தத் தட்டைக் கழுவி வைத்து, யாரும் சாப்பிடாமலே திரும்பவும் கழுவி வைத்திருக்கிறேன். அதே ஒன்பது வருடம் நீங்கள் அந்த வார்த்தையை வெட்டி எறிந்துவிட்டு, என் கடிதத்தின் மேல் அடையாள அட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள்.

நேற்று உங்கள் கடிதம் வந்த பிறகு, இந்தப் புதன்கிழமைக்கு வேறு யாரையாவது நினைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து யோசித்தேன். யாரும் வரவில்லை.

28ஆம் தேதி, காலை பத்து மணி. டிப்போ அலுவலகம், முதல் மாடி.

—

மார்ச் 5

வாலு,

அங்கே நான் சொன்னதை நீ பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அதை மறுபடி எழுதவில்லை. அதிகாரி கேட்டதால் இரண்டாம் முறையும் சொன்னேன்.

முடிந்ததும் ஏன் நிற்காமல் ஓடினேன் என்று கேட்பாய். வராந்தாவில் மாப்பிள்ளை என்னை நோக்கி வந்தார். கையை நீட்டினார். நீ சொன்னது சரி, பெரிய கை. விரல் இடுக்கில் கிரீஸ் கறுப்பு இன்னும் போகவில்லை, ஒரு மாதமாக வேலையே இல்லாத கையில். அதைப் பிடிக்க எனக்கு முகமில்லை. பஸ் வந்துவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பஸ் அரை மணி கழித்துத்தான் வந்தது.

செய்தி ஆசிரியர் வேறொருவர். எனக்கு இப்போது ஏழாம் பக்கம். வானிலை, பஸ் நேரம், காணவில்லை அறிவிப்புகள். காணவில்லை அறிவிப்பு கொடுக்க வருகிறவர்கள், போனவர் போட்டிருந்த சட்டையின் பொத்தான் வரைக்கும் சொல்வார்கள். முன்பெல்லாம் அதைத்தான் முதலில் வெட்டுவோம். இப்போது என் கை போகவில்லை. ஆபீசில் கத்திரி என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது.

ஆசிரியர் ஒரு திருத்தம் மட்டும் போட ஒப்புக்கொண்டார். ‘இனி முழுப் பெயரே பயன்படுத்தப்படும்’ என்று ஒரு வரி, அதுவும் என் பக்கத்திலேயே, வானிலைக்குக் கீழே. துண்டு வைத்திருக்கிறேன். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. அதை நான் தனியாக உன்னிடம் கேட்கிறேன். மாப்பிள்ளையிடமும். பிரேக் பட்டியலைச் சொல்லி அவரைக் குத்திக் காட்டினேனே, அதற்கும் சேர்த்து.

அப்பா என் மேசையில் இருந்த உன் கடிதங்களை எடுத்துப் படித்துவிட்டார். நான் ஒளித்து வைக்கவில்லை. நேற்றுக் காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், “அவ வீட்டுக்காரருக்கு வேலை திரும்பக் கெடச்சுதா?”

அவ என்றார். நான் சரியாகத்தான் கேட்டேனா என்று தெரிந்துகொள்ள, என்ன கேட்டீர்கள் என்றேன். எழுந்து போய்விட்டார்.

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எழுது.

அண்ணன்

—

மார்ச் 9

அண்ணாவுக்கு,

அப்பாவிடம் சொல்லுங்கள், வேலை கிடைத்துவிட்டது. பெயர் விஷயத்தில் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். பிரேக் பட்டியலுக்காக மூன்று மாதம் பஸ் கழுவும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். அது நியாயம் என்கிறார். பேன்ட் முழங்கால் வரை நனைந்து வருகிறார். குழாயை விட்டுவிட்டார், எனக்கு அதுவே போதும்.

போர்டில் இப்போது ஏழு பேருக்கும் பக்கத்தில் ‘புதன் மாலை’ என்று மட்டும் எழுதியிருக்கிறதாம். மேனேஜரிடம் இவர்தான் சொல்லியிருக்கிறார். “நாங்க யாருன்னு போர்டுக்கு எதுக்கு சார்? எப்ப வரமாட்டோம்னு தெரிஞ்சாப் போதாதா?” அவர் மார்க்கரை எடுத்து அப்படியே எழுதினாராம். இவ்வளவு பாடும் பட்ட பிறகு பார்த்தால், அந்தப் பலகைக்கு எங்கள் பெயர் நீளமாகவும் வேண்டியிருக்கவில்லை, குட்டையாகவும் வேண்டியிருக்கவில்லை. லாக்கரில் இருந்ததை மட்டும் இன்னும் யாரும் அழிக்கவில்லை. டம்ளரை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. சில நாள் கடையில் மருந்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்தச் சந்தா விளம்பரம் நினைவுக்கு வந்து எண்ணிக்கை தப்பிவிடுகிறது. அதே நாள் சாயங்காலம் நீங்கள் அதிகாரியின் முன்னால், “இடம் இருந்துச்சு சார்” என்று இரண்டாம் முறை சொன்னது நினைவுக்கு வருகிறது. இரண்டும் மாறி மாறி வந்துகொண்டேதான் இருக்கும் போல.

வருகிற புதன்கிழமை சாப்பாடு எங்கள் வீட்டில். ஆறு மணிக்கு. வந்து உட்காருங்கள். அவர் கையைப் பிடிக்க முகமில்லை என்றால் தட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் கண்டுகொள்ள மாட்டார். உங்கள் மருமகள் இப்போதே வழிப்படம் வரைந்துவிட்டாள், இத்துடன் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் இருந்து மூன்றே திருப்பம், அவள் ஏழு போட்டிருக்கிறாள்.

நீங்கள் வந்தால் செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. காத்திருந்த ஆள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், இன்னொரு காலி நாற்காலியைக் கொண்டுவந்து போடுவது எங்கள் வழக்கம். மேசை ஒருநாளும் காத்திருப்பதை நிறுத்தாது. அதை வந்தவர் கையாலேயே போட வேண்டும். சமையலறையில் முதுகு உயரமான நாற்காலி ஒன்று இருக்கிறது, கைப்பிடி உள்ளது. முழங்கால் வலிக்கிறவர்கள் எழுந்திருக்க வசதியாக இருக்கும். அதை எடுத்து வையுங்கள்.

பிறகு எங்களோடு நின்று முதல் வார்த்தையைச் சொல்லுங்கள். சொல்லி நிறுத்துங்கள். இந்த முறை நீங்களும் நானும் ஒரே ஆளைத்தான் நினைப்போம்.

வாலு